பார்த்தவர் கையெழுத்து

எதிர்வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குக் கிளம்பிய சின்னவள், மாடிப்படி விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அதைப் படித்தாள். "காலை ஏழு முதல் மாலை நான்கு வரை அழைப்பு மணியை அடிக்க வேண்டாம். விரலால் தட்டவும். உள்ளே ஒருவர் தூங்குவார், ஒருவர் விழித்திருப்பார்." கையெழுத்து நேராக, கோடு போட்ட மாதிரி இருந்தது. அடியில் தேதியும் நேரமும் குறித்திருந்தது. கதவில் ஒட்டும் தாளுக்கு நேரம் போடுகிற ஆட்களை அவள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்கு முந்தின வாரம்தான் ஆள் வந்திருந்தார்கள். கணவன், மனைவி. இருவரும் ஓய்வுபெற்றவர்கள். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் என்பதும், கணவர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆப்பரேட்டர் என்பதும் சாமான் வண்டி திரும்பிப் போவதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் நர்ஸம்மாவும் ஆப்பரேட்டரும்தான். மூன்றாவது மாடிக்குப் பொருள்கள் ஏறும்போது சின்னவளின் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு எண்ணினாள். கட்டில் இரண்டு, இரண்டும் வேறு வேறு அறைக்கு. அலாரம் கடிகாரம் இரண்டு. சாப்பாட்டு மேசை ஒன்று.

"ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம் போலிருக்கு," என்றாள் அம்மா. "இந்த வயசுல மூஞ்சி பாத்துக்காம இருக்கற அளவுக்கு என்ன சண்டையோ."

கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சொன்னாள். "சண்டைய விடுங்கக்கா. பகல் முழுக்கத் தூங்கற மனுஷன் ராத்திரி என்ன பண்றாரு? அதக் கேளுங்க."

"கேட்டுட்டாப் போச்சு."

அம்மா கேட்கக்கூடியவள்தான். வீட்டில் இரண்டு பெண்கள். இருந்த பேச்சையெல்லாம் பெரியவள் கல்யாணமாகிப் போகும்போது மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சின்னவளுக்கு மிஞ்சியது தலையாட்டுவதுதான். வேதியியல் படித்துவிட்டு, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறு முதல் இரண்டு வரை வேலை. சாம்பிள் பாட்டில்கள் பேசுவதில்லை, பதிலும் கேட்பதில்லை. வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் வரைக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தது. கண்ணாடித் தட்டில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. அவள் எண்ணினாள், மறுபடி எண்ணினாள், பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினாள். அதிகாரியின் மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு வந்தாள். அதிகாரி அன்று மேசைப் பக்கம் வராமலே வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் பார்த்தார். நல்லவேளை, இடையில் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் விடுமுறை. அவர் கத்தவில்லை. "எழுதி வெச்சுட்டா சொன்னதா ஆயிடுமாம்மா? ஃபோன் இருக்கு. வாய் இருக்கு," என்றார். ஃபோன் இருப்பது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை ரிசீவரை எடுத்து, இரண்டு தடவையும் கீழே வைத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம், அவள் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்த நேரத்தில் கதவில் விரல் தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு, சம இடைவெளியில். நர்ஸம்மா கையில் ஒரு கண்ணாடி டம்ளருடன் நின்றார். ஒல்லியான உடம்பு, இழுத்துக் கட்டிய நரைத்த கொண்டை, வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு.

"தண்ணி லேசாப் பழுப்பா வருதும்மா. நீ தண்ணி டெஸ்ட் பண்ற பொண்ணாமே, உங்கம்மா சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்கம்மா எல்லாத்தையும் சொன்னாங்க," என்றார்.

சின்னவள் சுத்தமான சாம்பிள் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவருடன் போனாள். குழாயின் வாயைத் துடைத்து, லைட்டரால் சுட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தாள். நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்று கேட்கவில்லை. சுத்தம் செய்கிற கையை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். "இரும்பு சற்று அதிகம். கிருமி இல்லை. காலையில் ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டுப் பிறகு பிடிக்கவும்." நர்ஸம்மா அதைப் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து, ஏதோ தப்பாக எழுதிவிட்டோம் என்று சின்னவள் நினைத்தாள்.

"எழுதியே குடுத்துட்டியே!" என்றார் நர்ஸம்மா. "இந்தக் காலத்துல யாரு எழுதித் தராங்க? உள்ள வா."

அப்படித்தான் அவள் அந்த நோட்டைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையின் நடுவில், மற்றவர்கள் வீட்டில் உப்பு ஜாடி இருக்கிற இடத்தில், அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஒரு பேனா நூலால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஸ்கேலால் கோடு போட்டு மூன்று கட்டம்: நேரம், விவரம், பார்த்தவர். நர்ஸம்மா அவள் கொடுத்த துண்டுத் தாளைப் பசை தடவி 'விவரம்' கட்டத்தில் ஒட்டினார், பக்கத்தில் நேரம் எழுதினார்.

"மகன் பொறந்தப்ப பாத்துக்க ஆள் கிடையாது," என்றார் ஒட்டின இடத்தை நீவிக்கொண்டே. "எனக்கு ஓ.பி.யில பகல் ட்யூட்டி. அவரு அவரோட ஆபீஸுக்குப் போயி, எனக்கு நிரந்தரமா ராத்திரி ஷிஃப்ட் குடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. காலைல அரை மணி நேரம் பாப்போம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அதுக்குள்ள என்ன பேச முடியும்? அதான் நோட்டு. குழந்தை என்ன சாப்பிட்டான், ஜுரம் எத்தனை, கேஸ்காரன் வந்தானா... எல்லாம் இதுல. ஷிஃப்ட் மாத்தும்போது படிச்சுட்டு மூணாவது கட்டத்துல கையெழுத்து."

சின்னவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. இப்போதும் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டுவிட்டது போலவே நர்ஸம்மா பதில் சொன்னார்.

"அவன் வேலைக்கு வெளிநாடு போயிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஷிஃப்ட் மட்டும் போகல. ரிட்டயர் ஆன மறுநாள் அவரு ராத்திரி படுத்துப் பாத்தாரு. விடிய விடியப் புரண்டாரு. நானும் தூங்கல. மறுநாள், வேணாங்க, நீங்க உங்க ட்யூட்டியப் பாருங்க, நான் என் ட்யூட்டியப் பாக்கறேன்னுட்டேன்." சிரித்தார். "முப்பத்துநாலு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்லை தெரியுமா? சண்டை போடணும்னா ரெண்டு பேரும் முழிச்சிருக்கணும்ல."

அதற்குப் பிறகு அவள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியம் அங்கே போக ஆரம்பித்தாள். மூன்று தட்டு. கதவு திறக்கும். நர்ஸம்மா ஏதாவது வேலையாக இருப்பார்: துணி மடிப்பது, பழைய உறைகளைப் பிரித்துத் திருப்பி ஒட்டுவது, பொத்தான் தைப்பது. தூங்குகிறவரை எழுப்பாமல் பேசுகிற குரல் அவருடையது. பேச்சுக்கு நடுவே நீளமான இடைவெளி விழும். அந்த இடைவெளியை நிரப்பச் சொல்லி அவர் யாரையும் பார்ப்பதில்லை. சின்னவள் மேசையருகே உட்கார்ந்து, கொண்டுவந்த புத்தகத்தைப் படிப்பாள்.

"அங்க போய் என்னதான் பேசற?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு அங்க போகணும்? அத இங்கயே பண்ணலாமே."

நான்கு மணிக்கு உள்ளறைக் கதவு திறக்கும். ஆப்பரேட்டர் முகம் கழுவி, தலை வாரி, முழுக்கைச் சட்டை பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி வெளியே வருவார். பெரிய உடம்பு; பம்புகளின் இரைச்சலில் பல வருடம் இருந்ததால் இடது காது மந்தம். அவளைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னிக்குத் தண்ணில மிச்சக் குளோரின் எவ்வளவு?"

"பாயின்ட் ரெண்டு சார்."

"போதும். கடைசி வீடு வரைக்கும் தாங்கும்."

அத்துடன் சரி. பிறகு பால்கனியில் போய் நின்று, எதிரேயிருந்த மேல்நிலைத் தொட்டியைத் தன் சொந்தத் தோட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னோடு இவ்வளவு பொருத்தமாகப் பேசுகிற ஆம்பளை வேறு யாரும் இல்லை என்று சின்னவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் அவள் எழுந்து போக மறந்து ஆறு மணி வரை உட்கார்ந்துவிட்டாள். ஆறடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு டம்ளர் டீ. நர்ஸம்மா நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். ஒரு வரிக்கு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. பதிலுக்கு அடியில் ஏதோ எழுதினார். வரி வரியாகக் கையெழுத்துப் போட்டார். பேச்சே இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த ஐந்து நிமிடமும் நர்ஸம்மா டீயைக் குடிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சின்னவள் கவனித்தாள்.

"உன்னப் பத்தியும் இருக்கு. பாக்கறியா?" என்று நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். "3.15. எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பேசவில்லை. நல்ல பெண்." பக்கத்தில் ஆப்பரேட்டரின் கையெழுத்து. ஒரு பதிவேட்டில் தானே ஒரு பதிவாக இருப்பதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

நோட்டுக்கு ஒரு விதி இருந்தது. ஆறு மணிக்குத்தான் படிக்க வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு. நடுவில் யார் எழுதினாலும் மற்றவர் பார்க்கக்கூடாது.

"மகன் நாலு வயசா இருக்கும்போது," என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார், "ஒரு நாள் ஏதோ எடுக்கறதுக்கு மத்தியானம் ஓடி வந்தேன். இவரு அவன மடில போட்டுக்கிட்டே தூங்கிப் போயிருக்காரு. நோட்டுல, 'குழந்தை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்'னு ஒரு வரி. அவ்வளவுதான். பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டேன். அவன அள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடிட்டேன். அங்க டாக்டர் பாத்துட்டு, தூங்கற குழந்தைய ஏன் தூக்கிட்டு வந்தீங்கன்னாரு. அவரு மீதிய எழுதறதுக்குள்ள கண்ணசந்துட்டாரு, அவ்வளவுதான். பாதி நோட்டப் படிச்சா முழுப் பயம்தான் மிச்சம். அன்னிக்கு ரெண்டு பேரும் பேசி வெச்சோம். ஷிஃப்ட் முடியாம படிக்கறதில்ல."

அதில் தப்பு சொல்ல முடியாது என்றுதான் சின்னவளுக்குத் தோன்றியது. ஆய்வுக்கூடத்திலும், இருபத்துநாலு மணி நேரம் முடியாமல், கிருமி வளர வைக்கிற இன்குபேட்டரைத் திறந்து பார்க்கக்கூடாது.

அந்தப் புதன்கிழமை அவள் போனபோது மணி மூன்று முப்பத்தைந்து. நர்ஸம்மா மேசையின் ஒரு பக்கத்தில் கம்பளியை விரித்துத் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நோட்டு மேசையின் மறுமுனைக்குத் தள்ளப்பட்டு, திறந்தபடி கிடந்தது. நடுவில் பேனா. அவள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எலாஸ்டிக் வாங்கக் கீழ போயிருந்தேன். தையல்காரம்மா புடிச்சுக்கிட்டாங்க. ஒன்றரைக்குப் போனவள ரெண்டரைக்குத்தான் விட்டாங்க," என்றார் நர்ஸம்மா. "அவங்க வாய்க்கும் ஒரு ஸ்விட்ச் வெச்சுத் தெச்சிருக்கலாம்."

சின்னவள் சிரித்தாள். புத்தகத்தைத் திறந்தாள். பதிவேடுகளைத் தலைகீழாகப் படிக்கிற பழக்கம் அவளுக்கு வேலையில் வந்தது. அதிகாரியின் மேசைக்கு எதிரே நிற்பவர்களுக்கெல்லாம் அது வந்துவிடும். படிக்க வேண்டும் என்று நினைத்து அவள் படிக்கவில்லை. கண் போனது, எழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது.

"1.50. இடது தோள், தாடை வலி. வியர்க்கிறது. படுத்திருக்கிறேன். பார்க்கவும்."

மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே வேறு வரி இல்லை.

அவள் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தெட்டு. பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு நர்ஸம்மாவை. அவர் உறையின் ஓரத்தை விரலால் நீவி, இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருவேளை வலி நின்றிருக்கலாம். நின்றதால் தூங்கிப்போய், மீதியை எழுதாமல் விட்டிருக்கலாம். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தை மாதிரி இதுவும் ஒன்றுமில்லாததாக இருக்கலாம். அப்படியானால், அடுத்தவர் வீட்டு நோட்டைப் படித்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். இந்த நாற்காலி இனி இல்லை என்று ஆகும். அவள் கை மேசைக்கு அடியில் ஒரு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தது போல இறுகித் தளர்ந்தது.

"ஆன்ட்டி," என்றாள்.

"ம்."

"நோட்டு."

"நோட்டுக்கென்ன?"

சின்னவள் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். நர்ஸம்மா விளையாட்டாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏய், ரூல் தெரியும்ல? ஆறு மணிக்கு. நீயே இப்படிப் பண்ணா எப்படி?"

"இல்ல ஆன்ட்டி. இப்பவே பாருங்க."

"அவரு எழுந்து வந்து எதையாவது கிறுக்கியிருப்பாரு. விடு. ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்."

தள்ளினால் போதாது. திறந்து வைத்தால் போதாது. சின்னவள் எழுந்து நின்றாள். நோட்டைக் கையில் எடுத்தாள். தன் குரல் அந்த வீட்டில் இவ்வளவு சத்தமாகக் கேட்டது அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஒண்ணு அம்பது. இடது தோள், தாடை வலி. வேர்க்குது. படுத்திருக்கேன். பாக்கவும். அவ்வளவுதான் ஆன்ட்டி எழுதியிருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல."

நர்ஸம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். உறையின் மேலேயே, முகம் குப்புற வைத்தார். ரப்பர் செருப்பு தரையில் இரண்டு தடவை ஒலித்தது, உள்ளறைக் கதவு சுவரில் மோதியது. அதற்குப் பிறகு கேட்ட குரலைச் சின்னவள் அதற்கு முன் கேட்டதில்லை. மெதுவான குரல் இல்லை. "என்னங்க. இங்க பாருங்க. என்னப் பாருங்க. எங்க வலி? கையில இறங்குதா? பேசாதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க." பிறகு அதே குரல் வெளியே வந்தது. "ஆம்புலன்ஸுக்குப் போடு! மாரடைப்புன்னு சொல்லு! மூணாவது மாடி, லிஃப்ட் இல்லன்னு சொல்லு!"

அவள் போட்டாள். மறுமுனையில் இருந்தவன் முகவரியை மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சொன்னாள். மாரடைப்பு, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்து "அம்மா!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு இரண்டு மாடிக்குக் கீழே தையல் மெஷின் நின்றது. அறையில் தீய்ந்த வாடை பரவியிருந்தது. அவள் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தினாள். உறையின் நடுவில் அதன் உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. தையல்காரம்மா தன் கைப்பிடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். "இதுல வைங்க, நாலு பேரு புடிங்க," என்றாள். ஆப்பரேட்டரை நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். முகம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. அந்த வலியிலும் எழுந்து போட்டிருக்கிறார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார்.

"எழுதி வெச்சிருந்தேனே," என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. வேலையை முடித்துவிட்டதாகச் சொல்கிற குரல். "பாத்தியா?"

"பாத்தேன்," என்றார் நர்ஸம்மா. "பாத்தேங்க. பேசாம வாங்க."

ஆம்புலன்ஸில் நர்ஸம்மா மட்டும் போனார். வண்டி கிளம்பும்போது ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் தலையை வெளியே நீட்டி, "அவரு கண்ணாடி. நோட்டு," என்று சின்னவளிடம் சொன்னார். அம்மா ஒரு பையில் துண்டு, டம்ளர், கண்ணாடி, நோட்டு எல்லாம் போட்டுக் கொடுத்தாள். சின்னவள் கிளம்பும்போது அவள் தலையைத் தடவி, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். அம்மா அப்படி விட்டதை அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு, சேலையில் தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை. அடைப்பை எடுத்துவிட்டார்கள், இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை நர்ஸம்மாவே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது.

"ஓ.பி. வாசல்ல ஒருத்தன் நுழையும்போதே சொல்லிடுவேன்," என்றார் நர்ஸம்மா. சின்னவளைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார். "நடைய வெச்சு, உதட்டு நிறத்த வெச்சு. டாக்டருக்கு முன்னாடி சொல்லிடுவேன். எத்தன பேர ஓடிப்போய்த் தாங்கியிருக்கேன். பக்கத்து ரூம்ல இருந்திருக்காரு. நடுவுல ஒரு கதவு. நான் சத்தம் போடாம இஸ்திரி போட்டுட்டு இருக்கேன். அவரு தூங்கணுமாம்."

சின்னவள் பையை அவர் மடியில் வைத்தாள். நர்ஸம்மா நோட்டை வெளியே எடுத்தார். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வரியை இப்போதுதான் அவர் கண்ணால் படிக்கிறார். 'பார்க்கவும்' என்பதில் கடைசி எழுத்து சரிந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மற்ற எல்லாம் நேராக இருந்தன.

"இவ்வளவு வலியோட எழுந்து வந்து, நான் இல்லன்னதும், எழுதிட்டுப் போய்ப் படுத்திருக்காரு," என்றார். "ஒரு குரல் குடுத்திருக்கலாம். மாடிப்படில நின்னு ஒரு குரல். குடுக்கத் தெரியலம்மா அந்த மனுஷனுக்கு. நான் பழக்கலையே."

நூலில் தொங்கிய பேனாவை எடுத்தார். மூன்றாவது கட்டத்தின் மேல் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

"படில வெச்சு, பாத்தேன்னு சொல்லிட்டேன். நான் எங்க பாத்தேன்? முப்பத்துநாலு வருஷத்துல இதுல ஒரு பொய் கிடையாது." பேனாவை அவளிடம் நீட்டினார். "எத்தன மணிக்குப் படிச்ச?"

"மூணு முப்பத்தெட்டு ஆன்ட்டி."

"பாத்தவங்கதான் போடணும். போடு."

சின்னவள் தயங்கினாள். மேலே பக்கம் பக்கமாக இரண்டே கையெழுத்துகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்று சாய்ந்தது, ஒன்று நிமிர்ந்தது. அந்த வீட்டின் நோட்டில் மூன்றாவது கை விழுந்ததில்லை. அவள் பதிவேட்டில் போடுகிற மாதிரியே சின்னதாகப் போட்டாள். பக்கத்தில் 3.38 என்று எழுதினாள். நர்ஸம்மா எட்டிப் பார்த்து, தலையசைத்தார்.

ஆறு மணிக்கு உள்ளே ஷிஃப்ட் மாறியது. கண்ணாடிக் கதவு திறந்தே இருந்ததால் கேட்டது. போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் கட்டில் கட்டிலாக நின்றார்கள். போகிறவள் கையில் ஃபைல் இருந்தது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். வருகிறவள் கட்டிலில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாலாம் பெட். அறுபத்து மூணு வயசு. நாலரைக்கு வந்தாரு. அடைப்பு எடுத்தாச்சு. பிரஷர் இப்பதான் நிக்குது. வலின்னு சொல்ல மாட்டேங்கறாரு, நாமதான் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

நர்ஸம்மா எழுந்து நின்றிருந்தார். தன் ட்யூட்டியில் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி வார்த்தை வரை கேட்டார். வந்த நர்ஸ் வெளியே தலையை நீட்டி, "நாலாம் பெட் வீட்டுக்காரங்க? அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வாங்க," என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நோட்டு நாற்காலியிலேயே இருந்தது. சின்னவள் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக நாலாம் கட்டில் தெரிந்தது. ஆப்பரேட்டரின் மூக்கில் குழாய், மார்பில் வயர்கள். நர்ஸம்மா கட்டிலின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரே வண்டியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தவர்கள் மாதிரி.

ஆப்பரேட்டர் ஊசி ஏற்றியிருந்த கையை மெதுவாகத் தூக்கினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் எழுதுவது போலக் காட்டினார். சின்னவளின் கை கதவின் கைப்பிடிக்குப் போனது.

உள்ளே நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்து விரிப்பின் மேல் வைத்து, தன் கையால் அழுத்திக்கொண்டார். இன்னொரு கையால் ஸ்டூலை இழுத்தார். உட்கார்ந்து, அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்தார். வாய் அசைய ஆரம்பித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நூலில் தொங்கிய பேனா கண்ணாடியில் பட்டு, சமமில்லாத இடைவெளியில், மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.